கேமரா வாங்கிக் கொடுத்த முதலாளி

‘ஸ்டில் ஹியூமன்’ 2018-இல் வந்த ஹாங்காங் படம். ஆலிவர் சான் சியூ-குவென் என்ற பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படம். புது இயக்குநர்களுக்கு அரசு கொடுக்கும் நிதியில் எடுத்தது. பெரிய நடிகரான அந்தோணி வோங் சம்பளமே வாங்காமல் நடித்தார். 2019-இல் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறந்த நடிகர், இயக்குநருக்குச் சிறந்த புதுமுக இயக்குநர், கூட நடித்த கிரிஸல் கொன்சுன்ஜிக்குச் சிறந்த புதுமுகம் என்று மூன்று விருதுகள் கிடைத்தன.

கதை எளிமையானதுதான். லியோங் சியோங்-விங் அரசுக் குடியிருப்பு ஒன்றில் தனியாக வாழ்பவர். கட்டுமான வேலையில் நடந்த விபத்தில் உடல் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். மனைவி பிரிந்து போய்விட்டார், மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அவரைப் பார்த்துக்கொள்ள பிலிப்பைன்ஸிலிருந்து ஈவ்லின் வருகிறாள். அவருக்கு ஆங்கிலம் வராது, அவளுக்குக் கான்டனீஸ் வராது. அவளுக்குப் புகைப்படக்காரி ஆக வேண்டும் என்று ஒரு கனவு. குடும்பம், கடன், முறிந்த கல்யாணம் என்று பல காரணங்களால் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வருடத்தின் நான்கு பருவங்கள் ஓடுகின்றன. அவர் அவளுக்கு ஒரு கேமரா வாங்கித் தருகிறார். கடைசியில் அவள் தன் கனவைத் தேடிக் கிளம்பிப் போகிறாள்.

பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நானும் கலங்கினேன், அதைப் பற்றிப் புகார் இல்லை. என் புகார் அந்தக் கேமராவைப் பற்றியது.

அதற்கு முன்னால், படம் எதைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஈவ்லினின் தோழிகள் அவளுக்கு அறிவுரை சொல்லும் இடம் ஒன்று வருகிறது. முதலாளி வீட்டில் ஒன்றும் தெரியாத மாதிரி இரு, புத்திசாலித்தனத்தைக் காட்டாதே, அதுதான் பிழைக்கிற வழி என்கிறார்கள். நகைச்சுவையாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டு வேலையைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு கூர்மையான கவனிப்பு குறைவு. வேறு எந்தத் தொழிலிலும் தெரிந்தது அதிகமானால் சம்பளம் கூடும், குறைந்தபட்சம் மரியாதையாவது கூடும். இங்கே தெரிந்தது அதிகமானால் வேலைதான் கூடும். ஆங்கிலம் வருமா, சரி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடு. கம்ப்யூட்டர் தெரியுமா, கடைக் கணக்கையும் கொஞ்சம் பார். அதனால் தெரிந்ததை மறைப்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். படிப்பு என்றாலே எப்படியும் முன்னேற்றம்தான் என்று நினைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

இன்னொன்று, மொழி. இருவரும் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆகிறார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை, பண்டமாற்று மாதிரி. படத்தில் நடக்கும் உண்மையான கல்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை. நேரமும் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, வேலைக்கு நடுவிலேயே நடக்கிறது.

அதற்குப் பிறகு கேமரா வந்துவிடுகிறது.

முதலாளி மனம் இளகி ஒரு பொருளை வாங்கித் தருகிறார், வேலைக்காரப் பெண்ணின் வாழ்க்கை திறந்துகொள்கிறது. இது இந்தப் படத்துக்கு மட்டும் சொந்தமான கற்பனை கிடையாது. நிஜத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. ஸைஸா குரூஸ் பகானி என்ற பிலிப்பைன்ஸ் பெண் பத்தொன்பது வயதில் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனார். அம்மா வேலை பார்த்த அதே வீட்டில் பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தார். முதலாளியிடம் கடன் வாங்கித் தன் முதல் கேமராவை வாங்கினார். தெருப் படங்கள் எடுத்தார், கறுப்பு வெள்ளையில். 2014-இல் நியூயார்க் டைம்ஸின் புகைப்பட வலைப்பதிவு அவரைப் பற்றி எழுதியது, 2015-இல் மேக்னம் அறக்கட்டளையின் மனித உரிமை ஃபெலோஷிப் கிடைத்து நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018-இல் ‘வீ ஆர் லைக் ஏர்’ என்ற புத்தகம் வந்தது. அசாத்தியமான பயணம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. மேற்கு வங்கத்திலிருந்து டெல்லிப் பக்கம் பிழைக்க வந்த பேபி ஹால்தார் குர்கானில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுக்காரர் பிரபோத் குமார், பிரேம்சந்தின் பேரன். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் புத்தகங்களைப் பார்த்து நிற்பதைக் கவனித்து, படிக்கக் கொடுத்து, நோட்டும் பேனாவும் தந்து எழுதச் சொன்னார். அந்த நோட்டிலிருந்துதான் ‘ஆலோ ஆந்தாரி’ வந்தது.

மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கற்பனை, இரண்டு நிஜம். மூன்றிலும் கல்விக்கான கதவு முதலாளியின் கையில் இருக்கிறது. அவர் நல்லவராக இருந்தால் திறக்கிறது. நல்ல முதலாளிகள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஹாங்காங்கில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் மூன்று லட்சத்தை ஒட்டி. இத்தனை பேருக்கும் பிரேம்சந்தின் பேரன் கிடைப்பாரா?

இந்த மாதிரிக் கதைகளைப் படித்ததும் நம் ஆட்கள் இரண்டு வகையாகப் பேசுவார்கள். ஒன்று, ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.’ இரண்டாவது, குறிப்பாக என் துறைக்காரர்கள் சொல்வது: ‘இப்பதான் எல்லாம் ஆன்லைனில் இலவசமா இருக்கே, படிக்க வேண்டியதுதானே?’ கோர்ஸெரா 2012-இலிருந்து இருக்கிறது. நம் அரசின் ஸ்வயம் 2017-இலிருந்து. என்பிடெல் வகுப்புகளை யார் வேண்டுமானாலும் யூடியூபில் பார்க்கலாம். கட்டணம் பூஜ்யம். பிறகு என்ன தடை?

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குதான் நமக்குத் தெரிந்த ஒரே விமரிசன முறை.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறது. அவர்களுடைய பழைய இளநிலைப் பட்டத்துக்கு 96 கிரெடிட். பெருக்கினால் 2,880 மணி நேரம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடத்தில் முடிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காகத் தாராளமாக வைத்த கெடு. ஆறு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 480 மணி, வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஆபீஸ் வேலையில் இருப்பவருக்கு இது கஷ்டம், ஆனால் முடியும். தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போச்சு.

ஈவ்லினுக்கு? ஹாங்காங் சட்டப்படி ஏழு நாளில் ஒரு நாள், தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு. சட்டம் அவ்வளவு கொடுக்கிறது, பாராட்ட வேண்டும். அந்த ஒரு நாளில்தான் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளையோடு நிதானமாகப் பேச வேண்டும், சர்ச்சுக்குப் போக வேண்டும், வாரம் முழுதும் விட்ட தூக்கத்தைத் தூங்க வேண்டும், தன் மொழியில் நாலு பேரிடம் சிரிக்க வேண்டும். இதெல்லாம் போக ஐந்து மணி நேரம் படிப்புக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். இதுவே தாராளம். வருடத்தில் 50 ஞாயிறு என்றால் 250 மணி நேரம். 2,880-ஐ 250-ஆல் வகுத்தால் பதினொன்றரை வருடம். கெடு ஆறு.

சிங்கப்பூருக்கு வாருங்கள். 2013 ஜனவரியிலிருந்து அங்கேயும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி வந்தது. ஆனால் ஒரு சின்ன வாசல் வைத்தார்கள்: பணியாளர் சம்மதித்தால், ஓய்வு நாளுக்குப் பதில் காசு கொடுத்துவிடலாம். கடனோடு வந்த பெண் எப்படிச் சம்மதிக்காமல் இருப்பாள்? 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்ற முடியாது என்று திருத்தினார்கள். அந்த ஒரு நாள் மட்டும்தான் உறுதி என்று இருக்கும் பெண்ணுக்கு, அதே ஐந்து மணிக் கணக்கில், வருடத்துக்கு 60 மணி நேரம். பட்டம் வாங்க 48 வருடம்.

இதனால்தான் ‘குறைந்த செலவில் கல்வி’ என்ற பேச்சே தப்பான இடத்திலிருந்து தொடங்குகிறது என்கிறேன். நாம் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் செலவழிக்க வேண்டியிருப்பது மணி நேரம், அது அவள் கணக்கில் இல்லை. வாரநாளில் எவ்வளவு நேரம் வேலை என்பதற்கு இரண்டு ஊரிலும் சட்ட வரம்பு இல்லை. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைத் தன் எல்லைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது, அவர்களுக்கு வெளிநாட்டு ஆள்பலச் சட்டம் தனி. ஹாங்காங்கில் 2003-இலிருந்து முதலாளி வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்பது கறாரான விதி. ஒப்பந்தத்தில் ‘நியாயமான அந்தரங்கம்’ உள்ள இடம் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஹாங்காங் வீடுகளின் அளவைத் தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். குழந்தையோடு ஒரே அறையில் படுப்பவள் ராத்திரி பதினொரு மணிக்கு எந்த விளக்கைப் போட்டுப் படிப்பாள்?

படத்துக்குத் திரும்பினால், ஈவ்லினின் நிலைமை இந்த விஷயத்தில் விதிவிலக்கு. வீட்டில் ஒரே ஒரு ஆள், குழந்தைகள் இல்லை. உடலைத் தூக்கி மாற்றுவது கடினமான வேலைதான், அதைப் படம் மறைக்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போக நேரம் இருக்கிறது. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று படம் கேட்பதில்லை. கேமராவைப் பெரிதாகக் காட்டுகிறார்கள், ஏனென்றால் பரிசுப் பொட்டலத்தைப் பிரிப்பது நல்ல காட்சி. மத்தியானம் இரண்டு மணி நேரம் ‘நீ போய்ட்டு வா’ என்று விடுவதைக் காட்சியாக எடுப்பது கஷ்டம். ஆனால் அதுதான் பெரிய தானம். 2018 செப்டம்பர் கடைசியில் ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளருக்கான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,520 ஹாங்காங் டாலர். கஷ்டப்பட்டுச் சேர்த்தால் ஒரு பழைய கேமரா வாங்கிவிடலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இதே விஷயத்தை ‘இலோ இலோ’ இன்னும் நேர்மையாகக் கையாண்டது. அந்தோணி சென் எடுத்த சிங்கப்பூர்ப் படம், 2013-இல் கான் விழாவில் கேமரா டோர் வாங்கியது. 1997 பொருளாதார நெருக்கடிக் காலத்துக் கதை. அதில் வரும் பணிப்பெண் டெர்ரி தன் ஓய்வு நாளில் ஒரு முடிதிருத்தகத்தில் திருட்டுத்தனமாக வேலை செய்கிறாள். மாட்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வு நாள் என்பது படிக்கவோ வளரவோ கிடைத்த நேரம் கிடையாது, இன்னும் கொஞ்சம் சம்பாதிக்கக் கிடைத்த நேரம். சென் இதற்காக அவளைப் பாவமாகவும் காட்டவில்லை, வீராங்கனையாகவும் காட்டவில்லை. கனவு என்ற வார்த்தை அந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை.

சரி, எத்தனை தடை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிற பெண்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று தேடிப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியம் தந்தது இந்தோனேசியா. அவர்களுடைய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான உனிவர்சிதாஸ் தெர்புகா, 1984-இல் தொடங்கியது, வெளிநாட்டில் வேலை செய்யும் தன் மக்களைத் தேடி ஹாங்காங், சிங்கப்பூர், தைவான் என்று போயிருக்கிறது. வீட்டு வேலை செய்துகொண்டே பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு ‘பாகெத்’ என்ற சமநிலைத் தேர்வுத் திட்டம், ஏ, பி, சி என்று மூன்று படிகளில். ‘சி’ என்றால் நம் பிளஸ் டூவுக்குச் சமம். ஒரு நாடு தன் பணிப்பெண்ணை, வேலை முடிந்து திரும்பி வரப்போகும் குடிமகளாகப் பார்த்தால் இப்படித்தான் திட்டம் போடும்.

பிலிப்பைன்ஸ் வேறு மாதிரி. அங்கே தொழிற்பயிற்சி ஆணையமான டெஸ்டா, வீட்டு வேலைக்கே ஒரு தேசியச் சான்றிதழ் வைத்திருக்கிறது. 2006-இல் கொண்டுவந்த சீர்திருத்தங்களுக்குப் பிறகு அது இல்லாமல் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று ஆனது. திறனை மதிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் சொல்லலாம். ஏற்றுமதிக்கு முன் சரக்கைத் தரம் பார்க்கிறார்கள் என்று இன்னொரு பக்கமும் சொல்லலாம். இதற்கு மாற்றாக அதே நாட்டின் அதெனேயோ பல்கலைக்கழகம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தலைமைப் பண்பு, நிதி, சமூகத் தொழில்முனைவு ஆகியவற்றில் வகுப்பு நடத்துகிறது. சிங்கப்பூரில் 2006-இல் தொடங்கிய ‘ஐதா’ என்ற தொண்டு அமைப்பும் சேமிப்பு, கணக்கு, கம்ப்யூட்டர், சிறுதொழில் என்றுதான் சொல்லித் தருகிறது. ‘ஃபாஸ்ட்’ அமைப்பில் முதியோர் பராமரிப்பு, சமையல் மாதிரி வகுப்புகள்.

இவற்றில் படித்தவர்கள் பயன் அடைந்திருக்கிறார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பெண்ணுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கக் கற்றுக்கொடுப்பது சின்ன உதவி இல்லை. ஆனால் வகுப்புகளின் பட்டியலை ஒரு வரிசையில் வைத்தால் ஏதோ நெருடுகிறது. சிக்கனமாக இரு. நன்றாகப் பராமரி. ஊருக்குப் போய்க் கடை வை. வரலாறு, இலக்கியம், சட்டம், புகைப்படக் கலை எல்லாம் எங்கே? குறிப்பாகச் சட்டம். தன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துப் புரிந்துகொள்ளும் வகுப்பு ஒன்றுக்குத்தான் முதல் தேவை இருக்கும் என்று தோன்றுகிறது. பெரும்பாலான வகுப்புகள் அவளை இன்னும் நல்ல பணிப்பெண்ணாகவோ, இன்னும் நல்ல அம்மாவாகவோ ஆக்குகின்றன. ஈவ்லின் கேட்டது இரண்டும் இல்லை. அந்த வகையில் ஆலிவர் சானின் படம் இந்தத் திட்டங்களைவிட முன்னால் நிற்கிறது. உபயோகமில்லாத ஒன்றைப் படிக்க ஆசைப்படும் உரிமையை அது அவளுக்குக் கொடுக்கிறது.

அடுத்த கேள்வி, படித்து முடித்தால் என்ன? ஹாங்காங் ஒப்பந்தம் இரண்டு வருடம். பட்டப்படிப்பு அதைவிட நீளம். வேலை போனால் 1987-இலிருந்து இருக்கும் விதிப்படி இரண்டு வாரத்தில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பாதி செமஸ்டரில் முதலாளிக்குக் கோபம் வந்தால் படிப்பும் போச்சு. அப்படியும் பட்டம் வாங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வீட்டு வேலையைத் தவிர வேறு வேலை எதையும் அவள் அங்கே செய்யக் கூடாது. எத்தனை வருடம் இருந்தாலும் நிரந்தரக் குடியுரிமை கிடையாது. வயேஹோஸ் என்ற பிலிப்பைன்ஸ் பெண் இதற்காகத் தொடுத்த வழக்கில் 2013-இல் ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மற்ற வெளிநாட்டவர் ஏழு வருடம் வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம், வீட்டுப் பணியாளர் வாழ்ந்த வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது. சிங்கப்பூரில் முதலாளி ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணை கட்ட வேண்டும், மலேசியர்களுக்கு மட்டும் விலக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. பிணைத்தொகை போய்விடுமோ என்ற பயத்தில் முதலாளி அவளை வெளியே அனுப்பத் தயங்குவதற்கு இது போதாதா?

பட்டம் ஊரில் உதவலாம். வேலை செய்யும் நாட்டில் அவளுடைய நிலையில் அது ஒரு அங்குலமும் மாற்றாது. லியோங்கின் மகன் அமெரிக்காவில் படிப்பதையும் ஈவ்லின் ஹாங்காங்கில் இருப்பதையும் ஒரே வீட்டுக்குள் வைத்துவிட்டு, இரண்டு விசாக்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் தொடாமலே போய்விடுகிறது. ஒருவனுக்குப் பிறநாடு என்பது படிக்கும் இடம். இன்னொருத்திக்குப் படிப்பை நிறுத்தி வைக்கும் இடம். இரண்டு பேரும் குடும்பத்தை விட்டுத்தான் வந்திருக்கிறார்கள். திரைக்கதையில் இதற்கு எல்லாத் தயாரிப்பும் இருக்கிறது, இயக்குநர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நடந்து போய்விடுகிறார். எனக்குப் பெரிய ஏமாற்றம் இதுதான்.

2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதில் வாரம் 24 மணி நேரத் தொடர் ஓய்வு என்பது உண்டு. கூடவே வந்த 201-ஆம் பரிந்துரை, எழுத்தறிவுப் பயிற்சி உட்பட அவர்களுடைய திறன் வளர்ச்சிக்கு அரசுகள் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. பிலிப்பைன்ஸ் 2012-இல் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டது. அனுப்பும் நாடு ஏற்றுக்கொண்டது, வாங்கும் நாடுகளான சிங்கப்பூரும் சீனாவும் ஏற்கவில்லை. இந்தியாவும் இன்னும் ஏற்கவில்லை.

இந்தியா பற்றிச் சொல்லாமல் முடித்தால் தப்பாகிவிடும், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. நம் நாட்டில் படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் உள்ள தொடர்பு பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்று வரும், ஈசிஆர் என்பார்கள். 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தின்படி. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் அரசு அனுமதி வேண்டும். பெண்ணாக இருந்தால் முப்பது வயதும் ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் இந்தச் சோதனையே கிடையாது.

முதலில் கேட்கும்போது இது படிக்காதவர்களுக்கு எதிரான பாகுபாடு மாதிரி இருக்கும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஈசிஆர் வழியாகப் போகிறவருக்குத்தான் ஒப்பந்தச் சரிபார்ப்பு, கட்டாயக் காப்பீடு எல்லாம். பத்தாவது தேறிய பெண்ணை ‘தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள்’ என்று சட்டம் விட்டுவிடுகிறது. குவைத் வீட்டுக்குள் போய்க் கதவு சாத்திய பிறகு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அவளை எப்படிக் காப்பாற்றும் என்று யோசித்துத்தான் எழுதினார்களா என்று தெரியவில்லை. குவைத்தில் 2015-இலும் கத்தாரில் 2017-இலும் வீட்டுப் பணியாளர் சட்டங்கள் வந்தன, வார ஓய்வும் எழுத்தில் இருக்கிறது. அந்த ஓய்வு நாளில் தனியாக வெளியே போக முடிகிற பெண்ணிடம்தான் படிப்பைப் பற்றிப் பேசவே முடியும்.

அப்படியும் படிக்க நினைப்பவருக்கு, நான் பார்த்த வரையில் நேரக் கணக்குக்கு ஒத்துவரும் ஒரே வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ். இக்னோவின் ஆறு வருடக் கெடு பட்டத்துக்கு எப்படி இடிக்கிறது என்று மேலே பார்த்தோம். இங்கே அப்படி இடிக்காது. பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது தடவை தேர்வு எழுத வாய்ப்பு. தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் நிற்கும், திரும்ப எழுத வேண்டியதில்லை. அதாவது வருடத்துக்கு ஒரே ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டாலும் கெடுவுக்குள் முடித்துவிடலாம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் மையங்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன்னால் ஊரில் பதிவு செய்துவிட்டு, விடுமுறைக்கு வரும்போது எழுதுவதும் உண்டு, ஆனால் அதற்கு முதலாளி கொடுக்கும் விடுமுறை ஏப்ரல்-மே அல்லது அக்டோபர்-நவம்பர் தேர்வு மாதங்களில் விழ வேண்டும். தேறிய பிறகு சான்றிதழோடு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வழங்கும்படி விண்ணப்பித்தால் ஈசிஆர் நீங்கும். தானாக நீங்காது, விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகமும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்காது.